24 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், பல நாட்களில் ஒரே ஆசிரியர்: யாரிடம் என்ன கேட்பது?

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, சிவகங்கை மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவியாக இருக்கிறேன். என் மகள் அங்கே மூன்றாம் வகுப்பிலும் மகன் ஒன்றாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். நான் படித்ததும் அதே பள்ளியில்தான். 1990-களின் நடுவில் நாங்கள் நூறு பேருக்கு மேல் இருந்தோம், நான்கு ஆசிரியர்கள் இருந்தார்கள், இடம் போதாமல் மூன்றாம் வகுப்பு வேப்ப மரத்தடியில் நடந்தது. இன்று நல்ல கட்டடமும் கழிப்பறையும் காலை உணவும் இருக்கின்றன. வருகைப் பதிவேட்டில் இருப்பதோ 27 பெயர்கள்தான்: ஒன்றாம் வகுப்பில் 4, இரண்டில் 6, மூன்றில் 5, நான்கில் 7, ஐந்தில் 5. வரும் ஜூனில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெளியேறிவிடுவார்கள். மார்ச்சில் தொடங்கிய சேர்க்கையில் இதுவரை இரண்டு பேர் மட்டுமே சேர்ந்திருப்பதால், அடுத்த ஆண்டு 24 பேர்தான் இருப்பார்கள்.

தலைமையாசிரியர் ஒருவர், இடைநிலை ஆசிரியர் ஒருவர் என இரண்டு பணியிடங்கள் இருக்கின்றன. ஆனால் பக்கத்துப் பள்ளி ஆசிரியை மகப்பேறு விடுப்பில் சென்றதால், எங்கள் இடைநிலை ஆசிரியரை ஜனவரியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாட்கள் அங்கே மாற்றுப்பணிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று நாட்களும் ஐந்து வகுப்புகளையும் தலைமையாசிரியர் அம்மா ஒருவரே பார்க்கிறார்.

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சத்துணவுக் கூடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். தலைமையாசிரியர் அம்மா நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். என் மகன் பலகை நிறைய 'அ' எழுதிவிட்டு, இரண்டு கைகளாலும் பலகையைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தான். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. சற்று நேரம் கழித்துச் சட்டைக் கையாலே அழித்துவிட்டு மறுபடியும் அதே 'அ'வை எழுதத் தொடங்கினான். நான் அங்கிருந்த நேரத்தில் இப்படி நான்கு முறை நடந்தது. அவன் அழவில்லை, கூப்பிடவும் இல்லை. காத்திருப்பதற்குப் பழகிவிட்டிருந்தான்.

இதைச் சொல்லிக் கல்வி அலுவலகத்தில் முறையிட்டபோது, "27 பேருக்கு இரண்டு ஆசிரியர் என்றால் ஒருவருக்குப் பதினான்கு பிள்ளைகள்கூட இல்லை, சட்டமே 30 பேருக்கு ஒருவர் என்றுதான் சொல்கிறது, தனியார் பள்ளிகளில் ஒரு வகுப்பில் நாற்பது பேர் உட்காருகிறார்கள்" என்றார்கள். அந்தக் கணக்கு எங்கோ தவறு என்று தெரிந்தும் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. மாநில நெடுஞ்சாலைக்கு அப்பால் இரண்டரைக் கிலோமீட்டரில் இருக்கும் பள்ளியுடன் எங்கள் பள்ளியை இணைத்துவிடலாம் என்ற பேச்சும் காதில் விழுகிறது. சட்டப்படி நாங்கள் எதைக் கேட்கலாம், மூன்றாவது ஆசிரியரைக் கேட்பது நியாயமா, இணைப்புக்குச் சம்மதிப்பதுதான் பிள்ளைகளுக்கு நல்லதா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

அம்மா, தங்கள் மகன் பலகையை அழித்து அழித்து எழுதியதை வாசித்தபோது என் பழைய பிள்ளைகள் பலருடைய முகம் கண்முன் வந்தது. ஒன்றியப் பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றினேன், அவற்றில் பத்தொன்பது ஆண்டுகள் ஈராசிரியர் பள்ளிகளில் கழிந்தன. தங்களிடம் சொல்லப்பட்ட கணக்கை நானும் பல முறை கேட்டிருக்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணையில், ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையிலான பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5 என்று வகுத்திருக்கிறார்கள். 150 பிள்ளைகளுக்கு மேல் போனால்தான் தலைமையாசிரியர் தனிக் கணக்கு, அதற்குக் கீழே அவரும் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களில் ஒருவர். 30 பேருக்கு ஒருவர் என்ற பேச்சு இந்த அட்டவணையின் படிகளிலிருந்து வந்தது. ஆனால் அட்டவணையின் முதல் வரி, பிள்ளைகள் எவ்வளவு குறைந்தாலும் இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்கிறது. 27 என்றாலும் 24 என்றாலும் 9 என்றாலும் தங்கள் பள்ளிக்கு இரண்டு பேர் உண்டு. அதை யாரும் சலுகையாகத் தரவில்லை.

அடுத்து அதே சட்டத்தின் 25-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பாருங்கள். ஆசிரியர் மாணவர் விகிதத்தைக் காப்பதற்காக, ஒரு பள்ளியில் நியமிக்கப்பட்ட ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ பணியாற்ற வைக்கக் கூடாது என்று அது நேரடியாகவே சொல்கிறது. தங்கள் ஆசிரியரை வாரத்தில் மூன்று நாட்கள் வேறு பள்ளிக்கு அனுப்புவது இந்தப் பிரிவோடு ஒத்துப்போகாது. இது தற்காலிக ஏற்பாடு என்று அலுவலர்கள் விளக்கம் சொல்வார்கள், அவர்களுடைய நெருக்கடியையும் நான் அறிவேன். மகப்பேறு விடுப்பில் ஒருவர் போனால் அந்த இடத்துக்கு அனுப்ப அவர்கள் கையில் ஆள் இருப்பதில்லை. ஆனால் ஒரு பள்ளியின் பள்ளத்தை இன்னொரு பள்ளியைத் தோண்டி நிரப்பினால் பள்ளம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். தாங்கள் முதலில் கேட்க வேண்டியது மாற்றுப்பணி ஆணையை ரத்து செய்யும்படிதான். எழுத்தில் கேளுங்கள். சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி, குழந்தையின் உரிமை குறித்த எந்த முறையீட்டையும் எழுத்துமூலமாகக் கொடுக்கலாம். மூன்று மாதங்களுக்குள் அதன்மீது முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு திருப்தி தராவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

மூன்றாவது ஆசிரியரைச் சட்ட உரிமையாகக் கேட்க அட்டவணை இடம் தரவில்லை. ஆனால் நியாயமாகக் கேட்க இடம் உண்டு, அந்த நியாயம் பழையது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள், அவர்களில் ஒருவர் பெண், கூடிய விரைவில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று சொன்னது. அதற்காகவே 1987-இல் கரும்பலகைத் திட்டம் வந்து, ஓராசிரியர் பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகளாயின. இரண்டு என்பது தொடக்கமாகத்தான் வைக்கப்பட்டது. பின்னால் வந்த சட்டம் அதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு கட்டிவிட்டதால், வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற வாக்கு சிறிய பள்ளிகளுக்கு எட்டாமலே போயிற்று.

அந்தக் கட்டு என்ன செய்யும் என்பதற்கு என் பள்ளியையே சொல்கிறேன். ஓர் ஆண்டு எங்களிடம் 62 பிள்ளைகளும் மூன்று ஆசிரியர்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் ஒரு குடும்பம் செங்கல் சூளை வேலைக்குப் புறப்பட்டபோது மூன்று பிள்ளைகளையும் கூட அழைத்துச் சென்றது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி எடுத்த கணக்கில் 59. ஒருவர் உபரி என்று முடிவாகி, பணி நிரவலில் நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போனார். பிள்ளைகளில் மூன்று பேர்தான் குறைந்தார்கள், வகுப்புகள் ஐந்தும் அப்படியே இருந்தன. தை மாதம் அந்தக் குடும்பம் திரும்பி வந்து பிள்ளைகளும் மறுபடி சேர்ந்தார்கள். ஆசிரியர் திரும்பி வரவில்லை.

பதில்: இடைநிலை ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

ஐயா சொன்னவற்றோடு, வகுப்பறைக்குள் நின்று பார்த்தால் தெரியும் கணக்கையும் சேர்க்க விரும்புகிறேன். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு பாடங்கள். மூன்று முதல் ஐந்து வரை அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனியாக வந்து ஐந்து பாடங்கள். ஐந்து வகுப்புக்கும் கூட்டினால் 23 பாடங்கள். இருபது பிள்ளைகள் படித்தாலும் இருநூறு பிள்ளைகள் படித்தாலும் இந்த 23 மாறாது. பெரிய பள்ளியில் ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் சுமையை இங்கே இரண்டு பேர் சுமக்கிறோம். ஆங்கில வழிப் பிரிவும் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியில் நான் ஒன்று, இரண்டு, மூன்றைப் பார்க்கிறேன், தலைமையாசிரியர் நான்கையும் ஐந்தையும் பார்க்கிறார். 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் இந்த அமைப்புக்கு ஓரளவு துணையாக இருக்கிறது என்பதை மனமாரச் சொல்வேன். பிள்ளை எந்த வகுப்பு என்று பாராமல், அரும்பு, மொட்டு, மலர் என்று அதன் நிலையைப் பார்த்துக் குழுவாக உட்கார வைக்கிறோம். மூன்றாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக் கூட்ட வராத பிள்ளை அரும்பில் உட்காரும்போது வெட்கப்படாமல் படிக்கிறது. ஆனால் இந்த முறை நடக்க வேண்டுமானால் ஆசிரியர் குழுக்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு குழு செய்து முடித்ததும் அடுத்ததை எடுத்துக் கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் எழுந்து போனால் மூன்று குழுக்களும் நின்றுவிடும்.

நாங்கள் எழுந்து போகும்படியான காரணங்களோ பல. எமிஸ் எனும் பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு, இணையவழித் தேர்வு மதிப்பெண், காலை உணவு ருசி பார்த்துக் கையெழுத்து, அருகிலுள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்திலிருந்து நலத்திட்டப் பொருட்களை எடுத்து வருவது, வங்கிக் கணக்கு தொடங்காத பிள்ளையின் தாயைத் தேடிப் போவது. ஆறு ஆசிரியர்கள் உள்ள பள்ளியிலும் இதே வேலைகள்தான், அங்கே ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் பதிவேட்டு வேலையைக் கல்விசாராப் பணி என்று யாரும் எண்ணுவதே இல்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 'உபரி ஆசிரியர்' என்ற சொல்லைப் பெற்றோர் தயவுசெய்து வழங்காதீர்கள். வேலை இல்லாமல் இருப்பவர் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து வகுப்புகளை மூன்று பேர் நடத்தும் பள்ளியில் மூன்றாமவர் எப்படி மிகுதியானவர் ஆவார்?

பதில்: ஒரு தந்தை, ஈரோடு மாவட்டம்

மாறுபட்ட கருத்தைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் மகள் படித்த ஒன்றியப் பள்ளியில் மொத்தம் 11 பிள்ளைகள் இருந்தார்கள், நான்காம் வகுப்பில் அவள் ஒருத்திதான். ஆசிரியர்கள் இருவரும் அருமையானவர்கள், அவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டால் அவள் ஒருத்திதான் பதில் சொல்ல வேண்டும், தவறு செய்தால் அது அவளுடைய தவறு மட்டும்தான், கபடிக்கோ கோ-கோவுக்கோ அணி சேராது. தோழி இல்லாத வகுப்பில் ஓராண்டு படித்த பிள்ளை மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த அரசு நடுநிலைப் பள்ளியில் சேர்த்த பிறகுதான் பழையபடி ஆனாள்.

ஆகவே இணைப்பு என்றாலே பள்ளியை மூடும் சதி என்று எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்து சிறு பள்ளிகளில் இரண்டிரண்டாகச் சிதறியிருக்கும் பத்து ஆசிரியர்கள் ஒரே இடத்தில் இருந்தால், வகுப்புக்கு ஒருவர் போக ஆங்கிலத்துக்கும் விளையாட்டுக்கும்கூட ஆள் கிடைப்பார். வாகனம் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

தம்பியின் மகளுக்கு நேர்ந்தது உண்மையான இழப்பு, அதை நான் மறுக்கமாட்டேன். 11 பேர் என்ற நிலைக்கும் 24 பேர் என்ற நிலைக்கும் வேறுபாடு உண்டு என்பதைத் தம்பியும் ஒப்புக்கொள்வார் என நம்புகிறேன். அவர் கடைசியில் சொன்ன வாகனம்தான் என் அச்சம். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்பது நம் மாநில விதி. அதைத் தாண்டிய குடியிருப்புகளுக்குப் போக்குவரத்தும் வழித்துணையும் தரும் ஏற்பாடு இருக்கிறது. என் அனுபவத்தில் அந்த ஆட்டோ ஜூன், ஜூலையில் ஒழுங்காக வந்தது. வாடகை நிலுவை நின்றதும் ஓட்டுநர் வருவதை நிறுத்தினார். ஐந்து வயதுப் பிள்ளையை நெடுஞ்சாலையைக் கடந்து தினமும் யார் அழைத்துப் போவது? கூலி வேலைக்குப் போகும் தாய் காலை ஏழரைக்கே வீட்டை விட்டுப் புறப்பட்டாக வேண்டும். அப்படி நின்றுபோன பிள்ளைகளில் முதலில் நின்றவர்கள் பெண் பிள்ளைகள்தான். 2019-இல் ஒரு பிள்ளைகூட இல்லாத நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மாநில அரசு நூலகங்களாக மாற்ற முடிவு செய்தபோது, அங்கே இழப்பதற்குப் பிள்ளைகள் இல்லை. இங்கே 24 பேர் இருக்கிறார்கள்.

பதில்: ஒரு தாய், புதுக்கோட்டை மாவட்டம்

சகோதரி, உங்கள் ஊரில் ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் மொத்தம் எத்தனை பேர் என்று வீடு வீடாக எண்ணிப் பார்த்தீர்களா? சேர்க்கை குறைவுக்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ஒன்று, பிறப்பே குறைந்துவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1992-93-இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.5 பிள்ளைகள் என்றிருந்தது, 2019-21-இல் 1.8 ஆகிவிட்டது. தலைமுறை குறையாமல் நிலைக்க 2.1 வேண்டும். அதனால் நீங்கள் படித்த காலத்துக் கூட்டம் இனி எந்தப் பள்ளிக்கும் வராது. இரண்டாவது, இருக்கும் பிள்ளைகளும் தனியார் பள்ளியின் மஞ்சள் வேனில் போய்விடுகிறார்கள். அதில் என் பிள்ளையும் ஒருவன், ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஏன் அனுப்பினேன் என்றால், அவனுக்கு மூன்றரை வயதானபோது எங்கள் ஒன்றியப் பள்ளியில் அவனுக்கு இடமே இல்லை. ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில்தான் சேர்ப்பார்கள். அங்கன்வாடியில் உணவும் அன்பும் கிடைத்தன, எழுத்து கிடைக்குமா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. எல்.கே.ஜி.க்கு வேனில் ஏற்றினேன். இரண்டு ஆண்டுகள் அங்கே பழகி, நண்பர்களைச் சேர்த்துக்கொண்ட பிள்ளையை ஐந்து வயதில் இறக்கி இங்கே கொண்டுவர மனம் வரவில்லை. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு ஒதுக்கீட்டுச் சேர்க்கையும் நுழைவு வகுப்பான எல்.கே.ஜி.யில் தொடங்குவதால், வசதி குறைந்தவர்களும் அந்த வயதிலேயே அங்கே போய்விடுகிறார்கள். 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அப்படி ஒன்று எங்கள் ஊரில் இருந்திருந்தால் நான் வேனைத் தேடியிருக்கமாட்டேன். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும், மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியவை. அதனால் ஐந்து வரை தனியாரில் படிக்க வைத்துவிட்டு ஆறில் மாற்றிக்கொள்ளலாம் என்று எங்கள் தெருவிலேயே பேசிக்கொள்கிறார்கள். நடுவில் காலியாக நிற்பது தொடக்கப் பள்ளிதான்.

பதில்: ஆசிரியர் பயிற்சி நிறுவன விரிவுரையாளர், மதுரை

தங்களிடம் சொல்லப்பட்ட 'ஒருவருக்குப் பதினான்கு' என்ற கணக்குக்கு, வேறொரு நாட்டின் விதியைக் கொண்டு பதில் சொல்லிப் பார்க்கிறேன். பிறப்பு நம்மைவிட வெகு முன்பே குறையத் தொடங்கிய நாடு ஜப்பான். அங்கே மலைக் கிராமங்களிலும் தீவுகளிலும் சிறு பள்ளிகள் நிறைய உண்டு. அந்நாட்டு வகுப்பு நிர்ணயச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒரே ஆசிரியரிடம் விட வேண்டுமானால் இரண்டிலும் சேர்த்து 16 பிள்ளைகளுக்குள் இருக்க வேண்டும். சேர்ப்பதில் ஒன்று முதல் வகுப்பாக இருந்தால் 8 பேருக்குள் இருக்க வேண்டும். மூன்று வகுப்புகளை ஒருவரிடம் விடும் பேச்சுக்கே அந்த விதியில் இடமில்லை.

இதைத் தங்கள் பள்ளியின் அடுத்த ஆண்டுக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 2, இரண்டில் 4, மூன்றில் 6, நான்கில் 5, ஐந்தில் 7. முதல் இரண்டு வகுப்புகள் சேர்ந்து 6 என்பதால் ஒரு குழு. மூன்றும் நான்கும் சேர்ந்து 11 என்பதால் இன்னொரு குழு. ஐந்தாம் வகுப்பு தனி. ஆக மூன்று குழுக்கள், மூன்று ஆசிரியர்கள். 24 பிள்ளைகளுக்கு மூன்று பேரா என்று கேட்பவர்களுக்கு, அந்த விதி முதலில் எண்ணுவது ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் எத்தனை வகுப்புகளைக் கையாளுகிறார் என்பதை என்று விளக்கலாம். முதல் வகுப்பு இருந்தால் வரம்பு பாதியாகிறது என்பதைக் கவனியுங்கள். எழுத்தும் எண்ணும் தொடங்கும் வயதில் பிள்ளைக்கு ஆசிரியரின் கண் தேவை, தானாகப் பக்கத்தைப் புரட்டிப் படிக்க அதற்கு இன்னும் வராது என்று அந்த விதியை எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள். பலகையைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்த தங்கள் மகனுக்கு அந்தக் கண் கிடைக்கவில்லை.

பல்வகுப்புக் கற்பித்தல் நம் மண்ணுக்கும் புதிது அல்ல. ஆந்திரத்தின் மதனப்பள்ளியை அடுத்த ரிஷி வேலியில், சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக பாட அட்டைகளையும், அவற்றின் வரிசையைக் காட்டும் 'ஏணிப்படி' அட்டவணையையும் கொண்டு ஒரு முறையை வளர்த்தார்கள். அதிலிருந்து கற்றுத்தான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதற்கும் போனது. சிறிய பள்ளிக்கென்று பிறந்த அந்த முறையைப் பெரிய வகுப்புகளுக்குக் கொண்டுபோனபோது, அட்டை எடுக்கவே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். இன்று பள்ளிகள் சிறியவையாகிவிட்டன. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி அடித்த கரும்பலகைகள் பல பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன, தங்கள் பள்ளியிலும் இருக்கலாம். ஆனால் பயிற்சி பெற வரும் மாணவ ஆசிரியர்களுக்கு நாங்கள் ஒரு வகுப்பு, ஒரு பாடம் என்று வைத்தே பாடத்திட்டம் எழுதக் கற்றுத் தருகிறோம். அவர்கள் பணியில் சேரும் முதல் நாள் ஐந்து வகுப்புகளுக்கு முன்னால் நிற்கிறார்கள். இந்தக் குறையில் எங்களுக்கும் பங்கு உண்டு.

என்ன கேட்கலாம் என்றால், இரண்டு பேர் என்ற சட்டத்தின் எண் எல்லா வேலை நாட்களிலும் இரண்டாகவே இருக்கும்படி கேளுங்கள். அதற்கு ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் ஓர் ஆசிரியரை எந்தப் பள்ளிக் கணக்கிலும் சேராதவராக வைத்து, விடுப்பு, பயிற்சி, கூட்டம் நேரும் பள்ளிக்கு அவரை அனுப்பினால் போதும். மகப்பேறு விடுப்புக்காக உங்கள் பள்ளியைக் கலைக்க வேண்டியிருக்காது. மூன்றாவது பணியிடம் அரசின் கொள்கை முடிவைப் பொறுத்தது, அதைத் தனிக் கோரிக்கையாக வையுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால், மூன்றாமவருக்கு இடமில்லை என்ற ஒரு வரியில் எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்: சிவகங்கை மாவட்டம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. புதுக்கோட்டைச் சகோதரி சொன்னபடி நானும் குழு உறுப்பினர்கள் மூவரும் இரண்டு மாலைகள் வீடு வீடாகப் போனோம். ஐந்து முதல் பத்து வயது வரை எங்கள் ஊரில் 58 பிள்ளைகள் இருக்கிறார்கள். 27 பேர் நம் பள்ளியில், 26 பேர் வேனில், 5 பேர் நகரத்து உதவிபெறும் பள்ளியில். மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 19 பேரில் 11 பேர் ஏற்கெனவே வேனில் போகிறார்கள். பிள்ளைகளே இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

வேனில் அனுப்பும் தாய்மார்களிடம் காரணம் கேட்டபோது ஆங்கிலம் என்று சொன்னவர்கள் நான்கைந்து பேர்தான். பெரும்பாலோர், "அங்கே வாத்தியார் பாதி நாள் இருப்பதில்லையே" என்றார்கள். ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் போகிறார்கள், பிள்ளைகள் போவதால் ஆசிரியரைத் தர மறுக்கிறார்கள். அலுவலகத்தில் எனக்கு வராத பதில் அந்தத் தெருவில்தான் கிடைத்தது.

ஈரோட்டு அண்ணன் சொன்னதையும் கூட்டத்தில் மறைக்காமல் வைத்தேன். எண்ணிக்கை பதினைந்துக்கும் கீழே போனால் இணைப்பைப் பற்றி நாமே உட்கார்ந்து பேசுவோம் என்று ஒப்புக்கொண்டோம். விளையாட்டுக்கும் ஆண்டு விழாவுக்கும் இப்போதே பக்கத்துப் பள்ளியோடு மாதம் ஒரு சனிக்கிழமை சேர்வது என்றும் முடிவாயிற்று.

மே 1 கிராம சபைக்கு இரண்டு தீர்மானங்களைத் தனித்தனியாக எழுதியிருக்கிறோம். முதலாவது, 25-ஆவது பிரிவைச் சுட்டி மாற்றுப்பணி ஆணையை ரத்து செய்யவும், குறுவள மையத்துக்கு ஒரு மாற்று ஆசிரியரை வைக்கவும் கேட்கிறது. இரண்டாவது, ஐந்து வகுப்புகள் உள்ள பள்ளிக்கு மூன்றாவது பணியிடமும், எங்கள் அங்கன்வாடியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் வேண்டுகிறது. வரைவைத் தலைமையாசிரியர் அம்மாவிடம் காட்டினேன். இரண்டு முறை நிதானமாக வாசித்துவிட்டு, தன்மீதோ இடைநிலை ஆசிரியர்மீதோ குறை சொல்வதுபோல் ஒரு வரியும் வந்துவிடக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அப்படி இருந்த ஒரு வரியை அவர் முன்னாலேயே அடித்துவிட்டோம். ஜனவரி முதல் மார்ச் வரை பள்ளி நடந்த நாட்களையும், ஒரே ஆசிரியர் இருந்த நாட்களையும் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தேதி வாரியாக முதல் தீர்மானத்தோடு இணைத்திருக்கிறோம். 57 நாட்களில் 31 நாட்கள்.